மூச்சு முட்டும் லாரி
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



மனுஷன் சோறு இல்லாமல் சில வாரம் தாங்குவான், தண்ணீர் இல்லாமல் சில நாள் தாங்குவான். காற்று இல்லாமல் சில நிமிஷம்கூடத் தாங்கமாட்டான். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் லாரிக்கும் இதே கதைதான் என்பதை லாரி வைத்திருப்பவர்களே பல சமயம் மறந்துவிடுகிறார்கள். வண்டியில் 'புல்லிங்' இல்லை என்றால், பம்பைப் பார், நாசிலைப் பார், கிளட்சைப் பார் என்பார்கள். எதுவும் கிடைக்கவில்லை என்றால் கடைசியில் டிரைவரைப் பார் என்பார்கள்! காற்று போகும் வழியைப் பார் என்று சொல்பவர்கள் குறைவு. அந்த வழியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம் பக்கம் ஓடும் பல லாரிகளில் இருக்கும் 5.9 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 6 சிலிண்டர், போர் 102 மி.மீ., ஸ்ட்ரோக் 120 மி.மீ. இது ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒரு சிலிண்டர் காற்றை உள்ளே இழுக்கும். 2,400 ஆர்.பி.எம்.மில் ஓடினால் நிமிடத்துக்கு 1,200 முறை 5.9 லிட்டர், அதாவது ஏறக்குறைய 7,000 லிட்டர் காற்று! ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 7 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறான் என்று வைத்தால், ஆயிரம் பேர் விடும் மூச்சை ஒரு இன்ஜின் தனியாக விடுகிறது. டர்போ வேலை செய்யும்போது இதற்கும் மேலே போகும். இத்தனை காற்றும் ஒரு ஃபில்டர், ஒரு ரப்பர் ஹோஸ், ஒரு வளைவுக் குழாய் வழியாகத்தான் போயாக வேண்டும்.

போகும் காற்றில் என்ன குறையலாம்? இரண்டு விஷயம். ஒன்று, வழியில் அடைப்பு இருந்தால் அழுத்தம் குறையும். இரண்டு, காற்று சூடாக இருந்தால் அடர்த்தி குறையும். வெளிக்காற்று 35 டிகிரி, இன்ஜின் பக்கத்துக் காற்று 65 டிகிரி என்றால், கெல்வின் கணக்கில் 308-ஐ 338-ஆல் வகுக்க வேண்டும். 0.91 வருகிறது. அதாவது சூடான காற்றை இழுக்கும் வண்டி, அதே குழாயில் 9 சதவீதம் குறைவான காற்றைத்தான் பெறுகிறது. இன்டர்கூலர் என்று ஒன்றை ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டியிருப்பதும் இதற்காகத்தான். டர்போ அமுக்கும்போது சூடாகும் காற்றைக் குளிரவைத்து, அடர்த்தியாக்கி உள்ளே அனுப்புகிறது. புகைபோக்கியில் வீணாகப் போகும் வாயுவைக்கொண்டே காற்றை அமுக்கலாம் என்று சுவிட்சர்லாந்து இன்ஜினியர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-ல் காப்புரிமை வாங்கினார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த யோசனைதான் இன்று தொப்பூர் கணவாயில் லோடு வண்டியை மேலே தூக்குகிறது!

மைலேஜ் எங்கே போச்சு?

இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது, நீ என்ன புதிதாகச் சொல்லவருகிறாய் என்று கேட்பீர்கள். பாடம் வீட்டு வாசலுக்கு வந்த கதையைச் சொல்கிறேன்.

என் அப்பா சங்ககிரியில் ஒரு மொதலாளியிடம் பத்துச் சக்கர லாரி ஓட்டுகிறார். பி.எஸ்.-3 வண்டி, மெக்கானிக்கல் பம்ப். சங்ககிரியிலிருந்து பெங்களூரு போய் வந்தால் ஏறக்குறைய 480 கி.மீ. லிட்டருக்கு 4 கி.மீ. கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, நாலு மாதத்தில் மெல்ல மெல்ல 3.5-க்கு வந்துவிட்டது. 120 லிட்டரில் முடிய வேண்டிய டிரிப்புக்கு 137 லிட்டர். ஒரு டிரிப்புக்கு 17 லிட்டர் எங்கே போனது?

லாரித் தொழிலில் இந்தக் கேள்விக்கு ஒரு ரெடிமேட் பதில் இருக்கிறது. டிரைவர் டீசலை இறக்கி வித்துட்டான்! மொதலாளி நேராக அப்படிச் சொல்லவில்லை. "என்னப்பா, வண்டி குடிக்குதா, வேற யாராச்சும் குடிக்கிறாங்களா?" என்றுதான் கேட்டார். ஆனால் ஆபீஸில் நாலு பேர் முன்னால் கேட்டார். இரண்டு டிரிப்புக்கு அந்த டீசல் காசைப் படியில் கழித்தும் விட்டார். அப்பா இருபத்திரண்டு வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறவர். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அம்மா கேட்டதற்கு, "வண்டில ஏதோ இருக்குது, ஆனா என்னன்னு சொல்லத் தெரியல" என்றார்.

பட்டறையில் பார்க்காமல் இல்லை. பம்பைக் கழற்றி காலிபரேஷன் பண்ணினார்கள். நாசில் நன்றாக இருந்தது. ஃபில்டர் பாக்ஸில் ஒரு இண்டிகேட்டர் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஃபில்டர் அடைத்தால் சிவப்புப் பட்டை மேலே வரும். அது பச்சையிலேயே நின்றது. "காத்து சுத்தமா போகுது, ஃபில்டர்ல கம்ப்ளைண்ட் இல்ல" என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். அப்புறம் யாரைப் பார்ப்பது? டிரைவரைத்தான்!

அப்பா ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். தேதி, மீட்டர், டீசல், லோடு டன், எல்லாம் ஒவ்வொரு டிரிப்புக்கும் எழுதுவார். அந்த நோட்டை வாங்கி கிராஃப் பேப்பரில் புள்ளி வைத்தேன். கோடு படிப்படியாக இறங்கியது. ஒருநாள் கூட, ஒருநாள் குறைய என்று தாறுமாறாக இல்லை. திருடுகிறவன் மாதம் கொஞ்சம் கூட்டிக் கூட்டி, கோடு பிசகாமல் திருடுவானா? இன்னொன்றும் அப்பா சொன்னார். முன்பு தொப்பூர் ஏற்றத்தை அதே லோடில் நாலாவது கியரில் ஏறிய வண்டி, இப்போது மூணாவதுக்கு இறக்கினாலும் முக்குகிறது, புகையும் கறுப்பாக வருகிறது. டீசலை விற்றிருந்தால் மைலேஜ்தான் குறையும். கியர் ஏன் குறைய வேண்டும்? டீசல் இன்ஜினுக்குள்தான் போகிறது, முழுசாக எரியவில்லை. எரிய எது வேண்டும்? காற்று!

கொத்தனார் டியூப்பும் நீல இங்க்கும்

நம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் யு-டியூப் மானோமீட்டர் படித்தோம் அல்லவா? அதற்குக் கடையில் காசு கொடுக்க வேண்டியதில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் போதும். என் சித்தப்பா கொத்தனார். அவரிடம் வாங்கி ஐந்து அடிப் பலகையில் இரண்டு யு-டியூப் வளைத்துக் கட்டினேன். தண்ணீரில் நீல இங்க் நாலு சொட்டு. பக்கத்தில் தையல் டேப் ஒட்டினேன். இன்ஜின் பக்கம் போகும் டியூப்களின் நடுவில் ஆளுக்கொரு காலிக் கண்ணாடிப் பாட்டில் வைத்தேன். தப்பித் தவறித் தண்ணீர் ஏறிவிட்டாலும் பாட்டிலில் விழும், டர்போவுக்குப் போகாது. இதைச் செய்ய நினைக்கும் நண்பர்கள் அந்தப் பாட்டிலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு டியூப்பை, இண்டிகேட்டரைக் கழற்றிவிட்டு ஃபில்டர் பாக்ஸில் கொடுத்தோம். இன்னொன்றை டர்போவுக்கு முன்னால் இரும்பு வளைவுக் குழாயில் இருந்த ஒரு மூடி போல்ட்டைக் கழற்றி அங்கே கொடுத்தோம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு ரப்பர் ஹோஸ்தான்.

பலகையை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நிமிர்த்திக் கட்டி, லோடு ஏற்றி, அப்பா ஓட்ட, நான் டார்ச் லைட்டோடு உட்கார்ந்தேன். வண்டி நின்றபடி ஓடும்போது இரண்டு டியூப்பிலும் வித்தியாசம் பெரிதாக இல்லை. சேலம் தாண்டி சமதரையில் போகும்போதும் பரவாயில்லை. தொப்பூர் ஏற்றம் தொடங்கி ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஃபில்டர் பக்கம் 260 மி.மீ. டர்போ பக்கம் 1,150 மி.மீ.!

கனரக டர்போ டீசல் இன்ஜின்களுக்குப் பொதுவாக 25 இஞ்ச், அதாவது 635 மி.மீ. தண்ணீர் மட்டம்தான் கடைசி எல்லை. அதைத் தாண்டினால் ஃபில்டரை மாற்று என்பார்கள். இங்கே ஃபில்டர் நல்ல பிள்ளையாக 260-ல் நிற்கிறது. மீதி 890 மி.மீ.யைத் தின்றது அந்த ஒரே ஒரு ஹோஸ்! ஒரு வளிமண்டல அழுத்தம் என்பது 10.3 மீட்டர் தண்ணீர். 1,150 மி.மீ. என்றால் அதில் 11 சதவீதம் டர்போவுக்குப் போகும் முன்பே காலி. இண்டிகேட்டர் பச்சையாக நின்றதற்கும் காரணம் புரிந்தது. அது இருப்பது ஹோஸுக்கு முன்னால். பின்னால் நடப்பது அதற்கு எப்படித் தெரியும்?

ஹோஸைக் கழற்றினோம். வெளியே பார்த்தால் நல்ல உருண்டையாக இருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் காசு குறைவு என்று மாட்டிய ஹோஸ் அது. உள்ளே கம்பிச் சுருள் கிடையாது. சூட்டிலும் ஆயில் ஆவியிலும் நாளாக நாளாக மெத்தென்று ஆகிவிட்டது. கையால் அமுக்கினாலே தட்டையானது. நிற்கும்போது உருண்டை, ஏற்றத்தில் சப்பை! பட்டறையில் நிற்கவைத்துப் பார்த்தால் எந்த மெக்கானிக்குக்கும் இது தெரியாது. இளநீரை ஸ்ட்ராவில் வேகமாக உறிஞ்சினால் ஸ்ட்ரா ஒட்டிக்கொள்ளுமே, அதேதான்.

அதோடு விடவில்லை. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் குழாயில் ஒரு கிளிப் பக்கம் ஆயில் கசிந்து தூசி அப்பியிருந்தது. சோப்புத் தண்ணீர் தடவி, அளவான காற்று அழுத்தம் கொடுத்தால் நுரை கிளம்பியது. முன்பக்கம் மூச்சு முட்டுகிறது, பின்பக்கம் அமுக்கிய காற்றும் ஒழுகுகிறது. "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?"

கம்பிச் சுருள் வைத்த ஹோஸ் ஒன்று, புது கிளிப் இரண்டு. அடுத்த டிரிப்பில் அதே ஏற்றத்தில், ஏறக்குறைய அதே லோடில் டர்போ பக்கம் 310 மி.மீ.தான் காட்டியது. வண்டி நாலாவது கியரில் ஏறியது. அப்பா கியர் மேல் வைத்த கையை எடுக்காமல் கடைசி வளைவு வரை காத்திருந்தார். மூணாவது தேவைப்படவே இல்லை. அடுத்த ஐந்து டிரிப்பில் சராசரி 3.9.

'ஓப்பன் ஃபில்டர்' மாட்டலாமா?

இதற்குப் பிறகு மொதலாளிக்குக் காற்று மேல் ஆசை வந்துவிட்டது. "காத்துலயே இவ்வளவு இருக்குதுன்னா, ஃபில்டர் பாக்ஸையே தூக்கிட்டு ஓப்பன் ஃபில்டர் மாட்டலாமாடா தம்பி? இன்னும் புல்லிங் வரும்னு கடையில சொல்றாங்க" என்றார். நம் நண்பர்கள் பலரும் பைக்கில் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

டீசல் இன்ஜினில் காற்றை மூடித் திறக்கும் திராட்டில் சக்தியைத் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு டீசல் போகிறதோ அவ்வளவு சக்தி. ஒரு கிலோ டீசல் எரியக் கணக்குப்படி 14.5 கிலோ காற்று வேண்டும். புகையில்லாமல் எரிய அதைவிடக் கூடுதலாகவே கொடுத்திருப்பார்கள். நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு ஏற்கெனவே காற்று மிச்சம். மேலே காற்றைக் கொட்டினால் சக்தி கூடிவிடாது. குறைந்திருந்த வண்டிக்குக் கொடுத்தால்தான், போன சக்தி திரும்பி வரும். எங்கள் வண்டிக்குக் கிடைத்தது புதுச் சக்தி இல்லை, பழைய பாக்கி!

ஓப்பன் ஃபில்டரால் மிச்சமாகும் அழுத்தம் கொஞ்சம்தான். அதை இன்ஜின் பக்கத்தில் மாட்டினால் சூடான காற்றை இழுத்து, மேலே சொன்ன 9 சதவீதக் கணக்கில் மாட்டிக்கொள்ளும். தூசி விஷயம் அதைவிட மோசம். நம் ஊர்ச் சாலைத் தூசியில் இருப்பது சிலிக்கா, அதாவது மணல். அது லைனரையும் ரிங்கையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். டர்போ இறக்கையையும் அரிக்கும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களைக் கேட்டால் தூசி என்ன செய்யும் என்று கதை கதையாகச் சொல்வார்கள்.

புல்லிங்குக்காகப் பம்பில் டீசலைக் கூட்டுவதும் அப்படித்தான். கொஞ்ச நாள் சந்தோஷம், அப்புறம் புகைச் சூடு ஏறி பிஸ்டனும் டர்போவும் போகும். கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் இடம் கொடுப்பதில்லை. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் காற்றும் புகையும் சென்சார் கண்காணிப்பில் இருக்கின்றன. அங்கே கைவைத்தால் கோளாறு விளக்குதான் எரியும்.

அப்படியென்றால் காற்று வழியில் மேம்பாடே கிடையாதா? உண்டு. அவை இவைதான்:

காற்று இழுக்கும் வாயை இன்ஜின் சூட்டுக்கும் டயர் தூசிக்கும் எட்டாத உயரத்தில் வைத்தல். தூசி அதிகமுள்ள இடத்தில் ஓடும் வண்டிக்குச் சுழற்சியில் தூசியைத் தள்ளிவிடும் சைக்ளோன் முன்-ஃபில்டர் சேர்த்தல். ஹோஸ் வாங்கும்போது உள்ளே கம்பிச் சுருள் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தல். இன்டர்கூலரின் வெளிப்பக்கத்தில் அடைத்திருக்கும் பூச்சியையும் மண்ணையும் கழுவுதல்.

செய்யக்கூடாதவையும் உண்டு. பேப்பர் ஃபில்டரை டயரில் தட்டித் தட்டிச் சுத்தம் பண்ணுவதை லாரி ஸ்டாண்டில் தினமும் பார்க்கிறோம். அதில் மடிப்பும் சீலும் போய்விடும். ஊதியே ஆக வேண்டும் என்றால் குறைந்த அழுத்தத்தில் உள்ளேயிருந்து வெளியே ஊத வேண்டும். உள்ளே இருக்கும் சின்ன சேஃப்டி ஃபில்டரை ஊதவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். இன்னொரு வேடிக்கை: லேசாகத் தூசி படிந்த பேப்பர் ஃபில்டர் புது ஃபில்டரைவிட நன்றாகவே வடிகட்டும். அதனால் தினம் திறந்து பார்ப்பதும் தப்பு. அளந்து பார்த்து மாற்றுவதே சரி.

மொதலாளி கேட்டுக்கொண்டார். ஓப்பன் ஃபில்டர் மாட்டவில்லை. அப்பாவிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆளும் இல்லை. ஆனால் அடுத்த மாதக் கணக்கில் கழித்த பணத்தைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார். அப்பா அதைத் தன் நோட்டில் "டீசல் பாக்கி வரவு" என்று எழுதிக்கொண்டார். அதற்குக் கீழே ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்.

அதன்பின் இரண்டு டிரைவர் அண்ணன்கள் வீட்டுக்கு வந்து, "தம்பி, அந்த டியூப்பக் கொஞ்சம் எங்க வண்டியிலயும் கட்டிப் பாக்கறியா? எங்களயும் இதேதான் சொல்றாங்க" என்றார்கள். ஒரு வண்டியில் ஃபில்டரே அடைத்திருந்தது. இன்னொன்றில் காற்று வழி சுத்தமாக இருந்தது. அதற்குக் காரணம் வேறு எங்கோ என்று சொல்லி அனுப்பினேன். அளந்து பார்த்து "இங்கே இல்லை" என்று சொல்வதும் ஒரு பதில்தான் அல்லவா?

நண்பர்களே, நம்மில் பலருடைய வீட்டில் டிரைவரும் கொத்தனாரும் தறிக்காரரும் இருக்கிறார்கள். யார் சத்தம் போட்டுப் பேசுகிறார்களோ அவர் சொன்னதே கணக்கு என்று ஆகிவிடுகிற இடங்களில் அவர்கள் வேலை செய்கிறார்கள். அங்கே ஒரு அளவு கையில் இருந்தால் பேச்சு மாறும். லேபில் மானோமீட்டர் ரீடிங்கைப் பக்கத்து பெஞ்சுக்காரனைப் பார்த்து எழுதாமல் நீங்களே ஒருமுறை குனிந்து பாருங்கள். ரெக்கார்டு நோட்டுக்கு மட்டும் அல்ல, ஒருநாள் அது ஒரு மனுஷனுடைய பேருக்கும் உதவும்.